ஆட்டைக் காப்பாற்றும் ஆங்கிலம்

இலங்கையின் விக்டோரியா நீர்த்தேக்கத்தில் பழைய நகரம் மூழ்கிய பின் மேட்டில் எழுந்தது இன்றைய தெல்தெனிய. சுற்றியுள்ள தோட்டங்களின் தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் சிங்களம். ஆங்கிலம் மூன்றாவதாகத்தான் வருகிறது. 1987இல் அந்நாட்டு அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் அதை இணைப்பு மொழியாக்கியது. 1968 முதல் இருமொழிக் கொள்கையில் நிற்கும் தமிழ்நாட்டிலோ அது இரண்டாம் மொழி. இரு இடங்களிலும் சிறுவர்க்குக் கதை வழியே ஆங்கிலம் ஊட்டும் முயற்சி உண்டு. கதையை நடத்துவது யார் என்பதில்தான் வேறுபாடு.

இலங்கையில் 1999 கல்விச் சீர்திருத்தத்தோடு தரம் 1, 2இல் வாய்மொழி ஆங்கிலம் வந்தது. முறையான பாடம் தரம் 3இல்தான். எழுத்துச் சுமை இல்லாத இந்த இரண்டு ஆண்டுகள் கதைக்கு வாய்த்த காலம். ஆனால் நடத்துபவர் ஆங்கில ஆசிரியர் அல்ல, வகுப்பாசிரியர். தன் ஆங்கிலத்தில் நம்பிக்கை இல்லாதவர் 'ஸ்டாண்ட் அப், சிட் டவுன்' என்பதோடு நிறுத்திக்கொள்ள இடமுண்டு.

தமிழ்நாட்டில் முதல் வகுப்பிலேயே ஆங்கிலப் புத்தகம் கையில். 2022 ஜூனில் 1 முதல் 3 வரையான வகுப்புகளுக்குத் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தமிழ், கணக்கோடு ஆங்கிலத்துக்கும் கதை, பாடல், பொம்மலாட்டத்தைப் பயன்படுத்துகிறது. தயங்கும் ஆசிரியருக்கும் கைநூல் துணை நிற்கிறது. ஆனால் கைநூலும் மதிப்பீடும் வகுத்த பாதையில், கதை எழுதிய முடிவுக்கே போய்ச் சேர்ந்துவிடும்.

பிள்ளை பேசுவது கதை தன் கையில் இருக்கும்போதுதான். சிங்களப் பிள்ளைகள் அறிந்த மகாதெனமுத்தா கதையை எடுத்துக்கொள்வோம். பானைக்குள் தலை சிக்கிய ஆட்டின் கழுத்தை வெட்டச் சொல்கிறார் அந்த மகா அறிவாளி. ஆசிரியர் அங்கே நிறுத்தி, 'கட்? பிரேக்?' என்று கேட்கட்டும். 'நோ! பிரேக் த பொட்!' என்று வகுப்பே கத்தும். அந்த வாக்கியத்தைப் பத்துத் தடவை சொன்னாலும் அலுக்காது, ஆட்டின் உயிர் அதில் இருக்கிறது. காரணத்தைத் தமிழில் சொன்னாலும் குறையில்லை. தமிழ்நாட்டு வகுப்புக்கு வீரமாமுனிவரின் பரமார்த்த குரு இருக்கிறார். அவருக்கும் ஐந்து சீடர், மகாதெனமுத்தாவுக்கும் ஐந்து சீடர். நடிக்கப் பிள்ளைகளுக்குப் பாத்திரப் பஞ்சமே இல்லை.

தெல்தெனிய ஆசிரியருக்கு இத்தகைய கதைகள் அடங்கிய கைநூல் தேவை. தமிழ்நாட்டுக் கைநூலுக்கு முடிவெழுதாத சில பக்கங்கள் தேவை. மதிப்பீட்டிலும் 'என்ன நடந்தது?' என்ற கேள்விக்குப் பக்கத்தில் 'நீ என்றால் என்ன செய்வாய்?' என்பதும் இடம்பெற வேண்டும்.