அந்த ஸ்டோர் அடுப்புக்கு நான் அடிமை

கம்பம்மெட்டு ஏறி இடுக்கிக்குள் நுழைகிறவர்கள் மூடுபனியைப் படம் பிடிப்பார்கள், மலையைப் படம் பிடிப்பார்கள். நான் மட்டும் ஏலத்தோட்டத்துக்குள் எங்காவது புகைபோக்கி தெரிகிறதா என்று ஜீப்பிலிருந்து கழுத்தை நீட்டிக்கொண்டே போவேன். சிரிக்காதீர்கள். என்னைப் பித்துப்பிடிக்க வைத்தது ஏலக்காய் ஸ்டோர், அதாவது பச்சைக்காயை உலர்காயாக்கும் சூட்டறை. பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் உலைகள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கட்டுமே! இரும்புக்கு முரட்டுச் சூடு போதும். பச்சை நிறம் போகாமல், மணம் போகாமல், தண்ணீரை மட்டும் உருவி எடுக்க எவ்வளவு கெட்டிக்காரச் சூடு வேண்டும்!

நினைத்துப் பாருங்கள். சாயங்காலம். காய் எடுத்து முடித்து அக்காமார் கொண்டுவந்த சாக்குகளைக் கொட்டி, மண் போகக் கழுவி, கம்பிவலை ட்ரேக்களில் பரப்பி, தரையிலிருந்து கூரைவரை அடுக்கியாகிவிட்டது. அடுப்பு வாய் அறைக்கு வெளியே. விறகு அங்கே எரிகிறது. சூடும் புகையும் தகரக் குழாய்க்குள் புகுந்து, அறைத் தரையோரமாக வளைந்து ஓடி, புகைபோக்கி வழியாக வெளியேறிவிடுகின்றன. ஒரு பொட்டுப் புகைகூடக் காயைத் தொடாது, குழாயின் வெக்கை மட்டும்தான் மேலே ஏறும்!

தெர்மாமீட்டர் 50 டிகிரியை ஒட்டி நிற்கிறது. காய் வியர்க்கிறது. அப்புறம் ஸ்டோர் பார்க்கிற அண்ணன் மேலே இருக்கிற காற்றுத் துவாரங்களைத் திறந்தார் பாருங்கள், ஐயோ, அந்த ஆவி! ஈரமும் காரமும் இனிப்புமாக ஒரு வாசனை மூக்கில் ஏறி, மண்டைக்குள் புகுந்து, என் கண்ணாடி மூடிப்போய், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு, எதுவும் தெரியாமல் நின்றபடி "அண்ணே, இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்" என்று நான் கெஞ்ச, அவரோ, "தம்பி, உள்ள நிக்கிறதுன்னா நில்லுங்க, கதவைச் சாத்துங்க, சூடு போகுது" என்றார். அந்த வெக்கையில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே நின்றேன் என்றால் என் கிறுக்கு எத்தனை டிகிரி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்! வெயிலில் காய வைத்தால் பச்சை வெளுத்துவிடும், சூடு 60-ஐத் தாண்டினால் காய் வெடிக்கும், எண்ணெய் போய்விடும். அதனால்தான் ராத்திரி முழுக்கக் கண்விழித்து, விறகைக் கூட்டியும் குறைத்தும், 18 மணி நேரம், 24 மணி நேரம் என்று இந்தத் தாலாட்டு. உள்ளே போகும்போது காயில் 80 சதவீதத்துக்குமேல் தண்ணீர், வெளியே வரும்போது 10 சதவீதம்தான் மிச்சம். ஏறக்குறைய 5 கிலோ பச்சைக்காய் 1 கிலோவாகச் சுருங்கிவிடுகிறது. சூடு ஆறுமுன் தேய்த்தால் காம்பும் பூமுனையும் உதிர்ந்துபோகும். ஒரு கை அள்ளிக் குலுக்கினேன். கலகல! அந்தச் சத்தத்துக்கே சொத்தை எழுதிக் கொடுக்கலாம். 8 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற முழிக்காய்க்கு புற்றடியிலும் போடியிலும் ஏலத்தில் எடுப்பு அதிகம் என்றால், ஏன் இருக்காது?

மூணாறு தேயிலை டிரையர்களையும் சும்மா விடமுடியாது. அங்கே அவசரச் சூடு, 100 டிகிரியைத் தாண்டிய காற்று. நொதித்த செம்புநிறத் தூள் சங்கிலித் தட்டுகளில் ஏறிப் போய் இருபது நிமிடம் போல ஆனதும் கறுத்து இறங்கும். காற்றுப்படுகை வகையில் அடியிலிருந்து அடிக்கிற காற்றில் தூள் பொங்கல் பானைபோலக் கொதித்துக்கொண்டே நகரும். அழகுதான். ஆனாலும் என் மனசு ஸ்டோரில்!

விறகு நிறைய தின்னும் என்று ஒரு குறை சொல்வார்கள், உண்மைதான்; இப்போது கேஸிலும் டீசலிலும் ஓடுகிற டிரையர்கள் வந்துவிட்டன. ஆகஸ்டிலிருந்து ஜனவரி வரைக்கும் காய் எடுப்பு மும்முரம். வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் போனால் தோட்டக்காரரிடம் கேட்டு ஒரு ஸ்டோருக்குள் நுழையுங்கள். கதவை மட்டும் மறக்காமல் சாத்துங்கள்!