மருந்து அதிகாரம் பசியை அடக்கச் சொல்கிறதா?

உடல் எடையைக் குறைக்க முற்படுவோர்க்கு நம்மவர் முதற்கண் எடுத்துக்காட்டும் நூல் திருக்குறளாகும். அதனுள்ளும் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ வகுப்பறையிலும் மேடையிலும் கோயில் மண்டபத்திலும் ஓயாது எடுத்தோதப்படுகிறது. அதிலிருந்து பெறப்படும் அறிவுரையோ பெரும்பாலும் ஒன்றே: “குறைத்து உண், பசி எடுத்தால் பொறுத்துக்கொள், பசியை அடக்கத் தெரியாதவன் வேறு எதனை அடக்குவான்?” இவ்வறிவுரை வள்ளுவருடையதுதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மலேசியச் சுகாதார அமைச்சின் தேசிய நலவாழ்வு ஆய்வு 2019இல் நாட்டின் வயதுவந்தோருள் நூற்றுக்கு 50.1 பேர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர் என்று கண்டது. 2023இல் அவ்வெண் 54.4 ஆக உயர்ந்தது. நீரிழிவு நோயில் நம் இனத்தார் நிலை இன்னும் கவலைக்குரியது; 2019ஆம் ஆண்டுக் கணக்கின்படி மலேசிய இந்தியருள் ஏறத்தாழப் பத்தில் மூவர்க்கு அந்நோய் இருந்தது. ஆகவே நம்மில் பலர் மருத்துவர் சொல்ல உணவைக் குறைக்க வேண்டியவர்களாக இருக்கிறோம். அவர்கள் கையில் நாம் எந்த உரையைக் கொடுக்கிறோம் என்பது அவர்கள் உடல்நலத்தையே தொடும் செய்தியாகும்.

என் நண்பர் ஒருவர் கிள்ளானில் தமிழாசிரியர். மருத்துவர் எடையைக் குறைக்கச் சொன்னதும் காலையில் ஒரு குவளைத் தேநீர், நண்பகலில் ஒன்றுமில்லை என்று வகுத்துக்கொண்டார். வெறும் வயிற்றோடு நின்று மாணவர்க்கு மருந்து அதிகாரத்தை நடத்துவார். மாலையில் வீடு திரும்பும் வழியில் மாமாக் கடையில் இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக். இரவில் வீட்டில் வழக்கத்தினும் மிகுதியான சோறு. ஒரு திங்கள் கழிந்தும் எடை குறையவில்லை. “வள்ளுவர் சொன்ன ஒன்றைக்கூடக் கடைப்பிடிக்க முடியாதவன் நான்” என்று வருந்தினார். அவர் வள்ளுவரிடம் தோற்கவில்லை. வள்ளுவர் பெயரால் நாம் கட்டிவிட்ட ஓர் உரையிடம் தோற்றார் என்பது என் கருத்து. நூலையே திறந்து பார்ப்போம்.

மருந்து அதிகாரத்தின் பத்துக் குறள்களில் முதல் ஏழும் உண்ணும் முறையைப் பற்றியவை. கடை மூன்றே மருத்துவம் பற்றியவை. முதற்குறள், அளவு கூடினாலும் நோய், குறைந்தாலும் நோய் என்று இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது. நம் மேடைகளில் ‘கூடினால்’ என்பது மட்டுமே கேட்கிறது. ‘குறைந்தால்’ என்பது எங்கோ மறைந்துவிடுகிறது. பரிமேலழகர் இக்குறளுக்கு உணவோடு செயலையும் சேர்த்தே பொருள் கொண்டார். உண்பதும் உழைப்பதும் ஒருங்கே நோக்கப்பட வேண்டியவை என்பது அவர் கருத்து. இன்று கலோரிக் கணக்குப் போடுவோர் வரவு, செலவு என்று கூறுவதும் இதுவே.

அடுத்து, பசியைப் பற்றி இவ்வதிகாரம் என்ன சொல்கிறது? முன் உண்டது செரித்ததை உறுதியாக அறிந்து, நன்றாகப் பசித்த பின் உண்க என்கிறது நான்காம் குறள். ஈண்டுப் பசி பகையாகக் காட்டப்படவில்லை. உணவுக்கு வாயில்காப்போனாக நிற்கிறது. பசி வந்து ‘வரலாம்’ என்ற பிறகே உணவு உள்ளே போக வேண்டும். வாயில்காப்போனைக் கட்டிப்போட்டுவிட்டு வீட்டைக் காக்க முடியுமா?

இந்த ஏழு குறள்களிலும் வள்ளுவர் எந்த வினையை வற்புறுத்துகிறார் என்று பார்த்தால் உண்மை இன்னும் தெளிவாகும். மூன்றாம் குறளில் ‘அறிந்து’. நான்காம் குறளில் ‘அறிந்து’. ஆறாம் குறளில் மீண்டும் ‘அறிந்து’. ஏழாம் குறள், தன் வயிற்றுத் தீயின் அளவைத் தெரியாமல் பெருக உண்பவனை இடிக்கிறது. அங்கும் குற்றம் அறியாமையே. ‘அடக்கு’ என்னும் வினையை நான் இவ்வதிகாரத்தில் தேடிக் காணவில்லை. அடக்கத்துக்கென்று தனியே ஓர் அதிகாரம் வகுத்த புலவர், உணவைப் பேசும் இடத்தில் அச்சொல்லை எடுக்காதது தற்செயல் அன்று.

‘ஐந்தாம் குறளில் மறுத்து உண்ணச் சொல்லவில்லையா?’ என்று ஒருவர் வினவலாம். நல்ல வினா. ஆயின் எதனை மறுப்பது? மனம் வேண்டும் அளவை மறுத்து, நோய் செய்யாத அளவில் உண்பது என்னும் கருத்துப்படப் பரிமேலழகர் உரை வகுத்தார். மறுக்கப்படுவது உள்ளத்தின் விருப்பம். வயிற்றின் பசி அன்று. வாழையிலையில் சோறும் கறியும் முடிந்து, வயிறு ‘போதும்’ என்ற பிறகும் இன்னொரு கரண்டி பாயசத்துக்குக் கை நீள்கிறதே, அதுதான் மறுக்கத் தக்கது. நண்பகல் முழுதும் வயிறு கூவும்போது அதன் வாயைப் பொத்துவது மறுத்தல் ஆகாது.

பசியைப் பொறுப்பதை வள்ளுவர் அறியாதவரல்லர். ஈகை அதிகாரத்தில் அதைப் பற்றிக் கூறுகிறார். தவம் செய்வார் பசி பொறுக்கும் ஆற்றலை ஒப்புக்கொண்டு, பிறர் பசியைத் தீர்ப்பாரின் ஆற்றலுக்குப் பின்னேதான் அதனை வைக்கிறார். பசி பொறுத்தல் தவசியர்க்கு உரியதாக ஓரிடத்தில் போற்றப்படுகிறது. நோயின்றி வாழ விரும்பும் இல்லறத்தானுக்கு மருந்தாக எங்கும் விதிக்கப்படவில்லை. பத்துமலைத் தைப்பூசத்துக்கு நாம் இருக்கும் விரதத்தையும் இவ்வாறே கருத வேண்டும். விரதத்துக்கு ஒரு முடிவுநாள் உண்டு. எடைக் குறைப்போ திங்கள் பலவாகத் தொடர்வது. குறைந்த எடையைக் காப்பது வாழ்நாள் முழுதும் தொடர்வது. முன்னதன் முறையைப் பின்னதற்குப் பொருத்தினால் இரண்டும் கெடும்.

அடக்கிய பசி என்ன செய்யும் என்பதற்கு மணிமேகலையில் ஓர் இடம் உண்டு. விருச்சிகன் என்னும் முனிவன் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கனியும் நாவற்கனி ஒன்றையே உணவாகக் கொண்டவன். அக்கனியைக் காயசண்டிகை காலால் சிதைக்கிறாள். முனிவன் சினந்து, தன் பசியை அவள் பன்னிரண்டு ஆண்டு சுமக்கும்படி சபிக்கிறான். யானைத்தீ என்னும் அந்நோய் எவ்வளவு உண்டாலும் தணியாது; மணிமேகலை இட்ட அமுதசுரபி உணவாலேயே தீர்கிறது. காயசண்டிகையின் செருக்கைப் பேசும் நாம் முனிவனை நோக்குவதில்லை. பன்னிரண்டு ஆண்டு பசியை வென்றவனால் ஒரு நொடி சினத்தை வெல்ல முடியவில்லை. பசியைப் பொறுத்த ஆற்றல் சினத்தைப் பொறுக்கத் துணை நிற்கவில்லை என்று சாத்தனார் காட்டுவதாகவே நான் கொள்கிறேன்.

இது காப்பியக் கற்பனை மட்டும் அன்று. 1944-45ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர், தாமே இசைந்து வந்த 36 இளைஞரை ஆறு திங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி உணவே கிடைத்தது. நடைப் பயிற்சியும் இருந்தது. நல்ல உடலும் உறுதியும் உடைய அவ்விளைஞர் எரிச்சலும் சோர்வும் கொண்டனர். எப்போதும் உணவையே எண்ணினர். சிலர் சமையல் நூல்களை விரும்பிப் படித்தனர். கட்டுப்பாடு நீங்கியதும் எவ்வளவு உண்டும் நிறைவு பெறாதவரும் அவருள் இருந்தனர். யானைத்தீ என்பதற்கு இதனினும் நல்ல உரை வேண்டுமோ?

காரணத்தையும் இன்று ஓரளவு அறிந்திருக்கிறோம். கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் 1994இலும், இரைப்பை சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் 1999இலும் கண்டறியப்பட்டன. எடை குறைந்தால் முன்னது தாழ்கிறது, பின்னது உயர்கிறது. எடை குறைந்து ஓராண்டு ஆன பின்னும் இம்மாற்றமும் மிகுந்த பசியும் நீடித்ததை 2011இல் வெளியான மெல்பர்ன் ஆய்வு ஒன்று காட்டியது. ஔவையார் நல்வழியில், ஒரு நாள் உணவை விடச் சொன்னாலும் விடாத, இரு நாள் உணவை ஒருசேர ஏற்கச் சொன்னாலும் ஏற்காத வயிற்றை நொந்துகொள்கிறார். வயிறு சேமிக்காது என்பது மெய்; உடலோ கொழுப்பாகச் சேமிக்கும். அச்சேமிப்பில் கை வைத்தால், நாம் விரும்பி மெலிகிறோமா, பஞ்சத்தில் வாடுகிறோமா என்று அதற்குத் தெரியாது; பஞ்சம் என்றே கொண்டு பசியைக் கூட்டும். ஆகவே உணவைக் குறைத்தவனுக்குப் பசி மிகுவது ஒழுக்கக் குறை அன்று, உடலின் இயல்பு.

நம் மக்களுக்குப் பஞ்சம் என்பது ஏட்டுச் செய்தியும் அன்று. 1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சியில் அரிசி அருகி, மரவள்ளிக்கிழங்கே மலாயாவின் உணவாயிற்று. சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தமிழர் பல்லாயிரவர் பசியாலும் நோயாலும் மாண்டனர். அக்காலத்தைக் கண்ட பாட்டியர், பேரப்பிள்ளையின் தட்டில் “இன்னும் கொஞ்சம்” என்று இட்ட சோறு அன்பின் வடிவம். அவ்வழியில் வந்த குடும்பத்தானை நோக்கி ‘பசித்திரு’ என்று மொட்டையாகச் சொல்வது அவன் செவியில் ஏறாது. ஏறினாலும் நெஞ்சில் தங்காது. ‘பசியை அறிந்து, அதற்குத் தக்கதை இடு’ என்றால் பாட்டியும் ஒப்புவாள்.

தக்கது எது? 1995இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தார் 38 உணவுகளை, ஒவ்வொன்றும் 240 கலோரி அளவாக, உண்ணக் கொடுத்து நிறைவை அளந்தனர். அவித்த உருளைக்கிழங்கு முதலிடம் பெற்றது. வெண்ணெய் மிகுந்த குரோசான் ரொட்டி கடையிடம் பெற்றது. கலோரி ஒன்றே, பசி தணிந்த அளவு ஒன்றன்று. புரதமும் நாரும் நீரும் மிகுந்த உணவு நெடுநேரம் நிறைவு தரும். எண்ணெயும் சர்க்கரையும் மிகுந்தது விரைவில் மீண்டும் கை நீட்டச் செய்யும். இனிப்புப் பானம் கலோரியைச் சேர்க்கும் அளவுக்கு வயிற்றை நிறைவிப்பதில்லை.

இவ்வறிவைப் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ உள்ள வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குக் கொண்டுபோகலாம். இலையில் பாதி காய்கறிக்கு. கால் மீனுக்கோ கோழிக்கோ பருப்புக்கோ. எஞ்சிய கால் சோற்றுக்கு. சுகாதார அமைச்சு ‘சுக்கு சுக்கு செபாரோ’ என்று, அதாவது கால், கால், அரை என்று, தட்டை வகுத்துக் கூறுவதும் இம்முறையையே. காய்கறியை முதலில் உண்டு, மெல்ல மென்று, இரண்டாம் முறை சோறு கேட்குமுன் இருபது நிமிடம் பொறுத்துப் பார்க்கலாம். அப்போதும் பசித்தால் உண்க, அது மெய்ப்பசி. தே தாரிக்கில் கெட்டிப்பாலைக் குறைக்கச் சொல்லலாம். உறக்கம் குறைந்தால் பசி மிகும் ஆதலின் நேரத்தோடு உறங்குவதும் உணவு ஒழுக்கத்தில் அடங்கும். ஒருவேளையை முற்றும் விட்டு மறுவேளையில் இருமடங்கு உண்பதினும் வேளைதோறும் சிறிது குறைப்பது தாங்கக்கூடியது.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்பவர் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைத்தல் ஆகாது. இரத்தச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து உயிருக்கே ஊறு நேரலாம். நோயாளியின் அளவும் நோயின் அளவும் காலமும் கருதுக என்னும் ஒன்பதாம் குறளின் பொருள் இன்றும் அப்படியே நிற்கிறது.

பத்தாம் குறள் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புக் கூறி முடிக்கிறது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுபவன். எடை குறைப்பவனைத் தனியே நிறுத்தி ‘உன் மனவுறுதி எங்கே?’ என்று கேட்கும் நாம், இந்நான்காம் உறுப்பை மறந்துவிட்டோம். வீட்டில் உலை வைப்பவரும், விருந்தில் “போதும்” என்றதும் கையை நிறுத்துபவரும், பள்ளியில் உடன் உண்ணும் நண்பரும் அவ்வுறுப்பாவர்.

என் நண்பர் இப்போது நண்பகலில் உண்கிறார். வீட்டிலிருந்து கீரையும் பருப்பும் ஒரு முட்டையும் கொஞ்சம் சோறும் கொண்டு வருகிறார். கட்டிக் கொடுப்பவர் அவர் துணைவியார். மாலையில் மாமாக் கடையைக் கடந்து செல்வது முன்போல் கடினமாக இல்லை என்கிறார். எடை மெல்லவே குறைகிறது. மருந்து அதிகாரத்தை இன்னும் நடத்துகிறார், இப்போது ‘அறிந்து’ என்ற சொல் வரும் இடங்களில் நின்று, மாணவரிடம் “எதனை அறிந்து?” என்று கேட்கிறார். அவ்வினாவை நாமும் நம் வகுப்புகளில் கேட்போமாயின் அதிகாரத்தின் பொருளும் விளங்கும். பசித்த மாணவன் ஒருவன் வகுப்பில் அமர்ந்திருந்தால் அவனையும் அன்று நாம் காண்போம்.