வெள்ளித் தகடும் அலுமினியத் தகடும்

ஒரு புகைப்படத்தை எதில் அச்சிடுகிறோம் என்பதை நம் விமர்சனங்கள் பேசுவதே இல்லை. கோணம், ஒளி, 'கதை' என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். படம் உட்கார்ந்திருக்கும் பரப்புக்கும் அர்த்தத்தில் பங்கு உண்டு. அந்தப் பரப்பு உலோகம் என்றால் அதைச் சும்மா தாண்டிப் போக முடியாது.

சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தின் சேகரிப்பில் 1844ஆம் ஆண்டுப் படம் ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுச் சுங்க அதிகாரி ஜூல் இட்டியே, இன்றைய ஃபோர்ட் கேனிங் குன்றிலிருந்து போட் கீயையும் ஆற்றையும் எடுத்தது. டாகெரோடைப் வகை. அதாவது வெள்ளி பூசிய செப்புத் தகட்டைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, அயோடின் ஆவி காட்டி, கேமராவில் வைத்து எடுத்து, பாதரச ஆவியில் உருவத்தை வரவழைப்பது. நெகட்டிவ் கிடையாது. ஒரு படம், ஒரே தகடு. விரல் பட்டால் போச்சு.

இவ்வகைத் தகட்டுப் படத்தைப் பார்த்த வியப்பை முன்ஷி அப்துல்லா தன் 'ஹிகாயத் அப்துல்லா'வில் எழுதி வைத்திருக்கிறார். தமிழ் வேரும் அரபு வேரும் கொண்ட மலாக்காக்காரர் அவர். அந்த வியப்பில் எனக்கு ஆச்சரியமில்லை. டாகெரோடைப் பார்வையாளரைச் சும்மா நிற்கவிடாது. தகட்டைக் கொஞ்சம் சாய்க்க வேண்டும். கறுப்பான எதையாவது அது பிரதிபலித்தால்தான் உருவம் நேராகத் தெரியும். இல்லையென்றால் நெகட்டிவாக மாறிவிடும், அல்லது உங்கள் முகமே எட்டிப் பார்க்கும்.

இன்றைய அலுமினிய அச்சு வேறு ஜாதி. சாயத்தை முதலில் தாளில் அச்சிட்டு, ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்துகிறார்கள். சாயம் ஆவியாகித் தகட்டின் மேல்பூச்சுக்குள் இறங்கிவிடும். தண்ணீர் பட்டாலும் கவலையில்லை. பின்பக்கம் சட்டம் ஒட்டி, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி மிதப்பதுபோல் மாட்டலாம். பெரும்பாலும் தகட்டுக்கு வெள்ளை அடிப்பூச்சு இருக்கும். அப்புறம் உலோகம் எங்கே தெரிகிறது? மிச்சம் இருப்பது மினுமினுப்பு மட்டும்.

அண்மையில் ஒரு கண்காட்சியில் தோட்டத்து லயத்து வீடுகளை இப்படி அச்சிட்டு மாட்டியிருந்தார்கள். துருப்பிடித்த தகரக் கூரை, கரியேறிய அடுப்பு, பால்வாளி. எல்லாமே நகைக்கடைச் சரக்கு மாதிரி மின்னின. துருவுக்குரிய சொரசொரப்பும் கரிக்குரிய மங்கலும் காணோம். அந்த வீடுகளில் வாழ்ந்தவர்களின் களைப்பைக் கழுவித் துடைத்துக் கொடுத்ததுபோல் இருந்தது. வரவேற்பறைச் சோபாவுக்கு மேலே மாட்ட அருமையாக இருக்கும். அதானே சிக்கல்!

உலோகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அடிப்பூச்சு இல்லாத தகட்டில் படத்தின் வெள்ளைப் பகுதிகள் உலோகமாகவே தெரியும். அதைத் தேர்ந்திருந்தால் வெயில் பட்ட தகரக் கூரை தகரமாகவே நின்றிருக்கும். அடுப்படிப் படத்தைப் பளபளப்பில்லாத பருத்தித் தாளில் போட்டிருக்கலாம். ஒரே தொடருக்கு ஒரே பரப்பு என்று யார் விதித்தது?

படம் எடுக்கும் நண்பர்களுக்கு என் கேள்வி இதுதான்: அச்சுக்கடையில் 'மெட்டல்' என்று சொல்வதற்கு முன், இந்தப் படத்துக்கு அந்த உலோகம் என்ன செய்யப்போகிறது என்று யோசித்தீர்களா? பதில் 'பளிச்னு இருக்கும்' மட்டும்தான் என்றால், தாளே போதும்.