கனவை விற்றவர், பாட்டைக் கேட்டவர்

பேராக் மலைக்காட்டைப் பற்றி வெளியுலகம் அதிகம் படித்தது ஈயத்தைப் பற்றியோ ரப்பரைப் பற்றியோ எழுதியதை அல்ல என்றுதான் நினைக்கிறேன். கில்டன் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர் 1951இல் எழுதிய 'மலாயாவில் கனவுக் கோட்பாடு' என்ற சின்னக் கட்டுரையைத்தான். 1969இல் சார்ல்ஸ் டார்ட் தொகுத்த நூலில் அது மறுபடி வந்ததும் அமெரிக்க இளைஞர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். 1974இல் பேட்ரிஷியா கார்ஃபீல்டு அதை 'படைப்பூக்கக் கனவு' புத்தகத்தில் வீட்டுக்கு வீடு கொண்டுபோனார்.

கட்டுரை சொல்வது இதுதான். செனோய் மக்கள் தினமும் காலைச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளிடம் கனவைக் கேட்பார்கள். புலி துரத்தியது என்றால், 'ஓடாதே, திரும்பி நின்று சண்டை போடு' என்பார்கள். கீழே விழுந்தேன் என்றால், 'நல்ல கனவு, அடுத்த தடவை எங்கே போய்ச் சேர்கிறாய் என்று பார்' என்பார்கள். இப்படி வளர்வதால் அங்கே இருநூறு முந்நூறு ஆண்டுகளாக வன்முறைக் குற்றமே கிடையாதாம்.

படிக்கச் சுவையாக இருக்கிறது. அதுதான் பிரச்சினையே.

செனோய் என்று அவர் எழுதியது தெமியார், செமாய் மக்களை. அதாவது சுங்கை சிப்புட் உட்காட்டிலும் கிரிக்கிலும் தாப்பா, கோப்பெங், பீடோர் பக்கமும் இன்றும் இருக்கிறவர்களை. தாப்பா வழியாக கேமரன் மலைக்கு ஏறும்போது சாலையோரம் பெட்டாயும் தேனும் வாங்கியிருப்போமே, அவர்களிடம்தான். நம் தோட்டத்து ஆட்கள் அவர்களைச் 'சக்காய்' என்பார்கள். அடிமை, ஏவலாள் என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருக்கும் சொல் அது. அமெரிக்கருக்கு அவர்கள் மனநல ஞானிகள், நமக்கு சக்காய். இரண்டிலும் ஆள் தெரியவில்லை.

ஸ்டூவர்ட் 1934இல் வந்தார். தைப்பிங்கில் உள்ள பேராக் அருங்காட்சியகத்தின் மானுடவியலாளர் பாட் நூனோடு காட்டுக்குள் போனார். நூன் தெமியார் மொழி பேசியவர், தெமியார் பெண்ணை மணந்தவர், ஜப்பானியர் காலத்தில் அந்தக் காட்டிலேயே காணாமல் போனவர். ஸ்டூவர்ட் அப்படியல்ல. கொஞ்ச நாள் தங்கினார், மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டார், பிறகு ஊருக்குப் போய்த் தன் மனத்தில் ஏற்கெனவே இருந்த சிகிச்சை முறையை அந்த மக்கள் வாயில் வைத்துவிட்டார். 1985இல் வில்லியம் டொம்ஹாஃப் எழுதிய 'கனவுகளின் மாயம்' இதை வரிவரியாகப் பிரித்துக் காட்டுகிறது. காலைக் கனவு வகுப்பு என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. நல்ல, பொறுமையான வேலை. ஆனாலும் அந்தப் புத்தகத்தை மூடும்போது எனக்கு ஒரு குறை. டொம்ஹாஃபின் அக்கறையெல்லாம் அமெரிக்கர்கள் ஏன் இதை நம்பினார்கள் என்பதில்தான். பொய் உடைந்தது சரி, உடைத்த இடத்திலும் தெமியார் ஆட்கள் பக்கவாட்டில்தான் நிற்கிறார்கள்.

இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். ஸ்டூவர்ட் மலையேறிய அதே காலத்தில், கீழே கிந்தா பள்ளத்தாக்கில் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை நடந்துகொண்டிருந்தது. 1911இல் திறந்தது. 'உன்னை தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்' என்ற வசவைக் கேட்காமல் பேராக்கில் எந்தத் தமிழ்ப் பிள்ளையும் வளர்ந்திருக்காது. இப்போது அதன் பெயர் பஹாகியா, அதாவது மகிழ்ச்சி. (அந்தப் பெயரை வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.) லயத்தில் ஒருத்திக்கு மனசு கலைந்தால் முதலில் கோயில், குறி, வேப்பிலை, சாமியாடி. அப்புறம் டிரெசர். கடைசியில் ரம்புத்தான். சாமியாடி நம்முடைய பெண்களை என்ன செய்தார், எதை ஆற்றினார், எதை அடக்கினார் என்று ஸ்டூவர்ட் மாதிரி எவரும் கேட்க வரவில்லை. கனவுலகம் தேடுகிறவர்களுக்குக் கூலிக்காரன் பொருந்தமாட்டான், காட்டுவாசிதான் பொருந்துவான்.

இப்போது மரீனா ரோஸ்மேன். 1991இல் வந்த அவருடைய நூல் தெமியார் பாட்டையும் வைத்தியத்தையும் பற்றியது. கிளந்தான் பக்கத்துத் தெமியார் கிராமங்களில் இருந்து, மொழி படித்து, கூடவே பாடி எழுதியது. இதிலும் கனவு வருகிறது, ஆனால் வேறு மாதிரி. கனவில் ஒரு மரமோ ஆறோ மலையோ பழமோ வந்து ஒரு ஆளுக்குப் பாட்டைக் கொடுக்கும். அந்தப் பாட்டு ஒரு பாதை. நோய் என்பது பல சமயம் தலையில் இருக்கும் உயிர் வழிதவறிப் போய்விட்டது என்பதே. இரவில் வீட்டுக்குள் வைத்தியர் ஒரு அடி பாடுவார், பெண்கள் மூங்கில் குழாய்களைக் கட்டையில் குத்திக்கொண்டே அதைத் திருப்பிப் பாடுவார்கள். பாதை வழியே போய் உயிரைத் திரும்பக் கூட்டி வருவார்கள். வைத்தியர் தனியாக எதையும் செய்யமுடியாது, பெண்கள் திருப்பிப் பாடாவிட்டால் பாட்டு பாதியில் நிற்கும். இந்த இடத்தை ரோஸ்மேன் எழுதியிருக்கும் விதம்தான் நூலின் உச்சம் என்பேன். இசையியல் குறியீடுகள் நிறைந்த அத்தியாயங்களை நான் தாண்டித்தான் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த நூல்களைத் தேடிப் போனதற்குக் காரணம் என் சின்னம்மா மகள். அவளுக்கு கவுன்சலிங் வேலை. மாதம் ஒருமுறை மருத்துவக் குழுவோடு ஒரு செமாய் கிராமத்துக்குப் போகிறாள். கையில் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கும் பாரம், ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். 'அண்ணே, என்ன கேட்டாலும் தாக் அடா, தாக் அடான்னுதான் சொல்றாங்க. பாரம் முழுக்க பூஜ்யம். ஆனா அந்த ஆளு ராத்திரி தூங்கி மாசக்கணக்காச்சுன்னு அவரு பெண்சாதி சொல்லுது,' என்றாள்.

ஸ்டூவர்ட்டைப் படித்துவிட்டுப் போயிருந்தால், இவர்கள் மனநோயே இல்லாத மக்கள் என்று அந்தப் பூஜ்யங்களை நம்பியிருப்பாள். நான் அவளுக்குக் கொடுத்தது ராபர்ட் டென்டன் செமாய் மக்களைப் பற்றி 1968இல் எழுதிய சிறு நூல். அதில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று 'பூட்': மனசில்லை, இஷ்டமில்லை. ஒரு பிள்ளை 'பூட்' என்று சொல்லிவிட்டால் பெற்றவர் அதற்கு மேல் வற்புறுத்துவதில்லை. இன்னொன்று 'புனான்': ஒருவருடைய ஆசை நிறைவேறாமல் போனால் அவருக்கு விபத்தோ நோயோ வரும், அந்தப் பொறுப்பு மறுத்தவருடையது. இந்த இரண்டையும் வைத்துப் பாருங்கள். வற்புறுத்துவது தப்பு, மறுப்பதும் ஆபத்து. யூனிஃபார்ம் போட்ட ஒருத்தி மேசை போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டால், 'இல்லை' என்பதுதான் இரண்டு பேருக்கும் பாதுகாப்பான பதில். அது மழுப்பல் இல்லை, மரியாதை.

இது தெரியாததன் விலை சின்னதில்லை. 2015 ஆகஸ்டில் கிளந்தான் போஸ் தோஹோய் பள்ளியிலிருந்து ஏழு தெமியார் பிள்ளைகள் தண்டனைக்குப் பயந்து காட்டுக்குள் ஓடினார்கள். ஆறு வாரத்துக்கு மேல் கழித்து இரண்டு சிறுமிகள் மட்டும் உயிரோடு கிடைத்தார்கள். அதட்டாமல் வளர்க்கப்பட்ட பிள்ளைக்குப் பிரம்பு என்னவாகத் தெரியும் என்று டென்டன் படித்த ஒரு வாத்தியாருக்கு விளக்கவேண்டியதில்லை.

அப்படியானால் ஊர்க்காரரே அந்த வேலையைச் செய்யலாமே என்று தோன்றும். அலாஸ்காவில் அப்படித்தான். அங்கே காசநோய் காலத்தில், 1960களில், கிராமத்திலிருந்தே ஆளெடுத்துப் பயிற்சி கொடுத்து சுகாதார உதவியாளர் ஆக்கினார்கள். பிறகு அதே வழியில் மனநலத்துக்கும் உதவியாளர்கள் வந்தார்கள். தற்கொலை, குடி, துக்கம் எல்லாம் அவர்கள் கையில். தொலைவில் ஒரு நிபுணர் போனில் இருப்பார். கேட்டால் நமக்கு எட்டாத ஊர்க்கதை மாதிரி இருக்கும். ஆனால் இங்கேயே இருந்தது. 1957இல் தொடங்கிய கொம்பாக் ஓராங் அஸ்லி மருத்துவமனையில் டாக்டர் மால்கம் போல்டன் ஓராங் அஸ்லி ஆட்களையே பயிற்றுவித்து உள்காட்டு மருந்தகங்களுக்கு அனுப்பினார். நோயாளியோடு குடும்பமே வந்து தங்கலாம். அதன் பின்னணி சுத்தமானதல்ல. அவசரகாலத்தில் கம்யூனிஸ்டுகளிடமிருந்து இந்த மக்களைப் பிரிக்க, முதலில் அவர்களை முகாம்களில் அடைத்தார்கள், அங்கே பலர் செத்தார்கள். மருத்துவமனை அதற்கு அப்புறம் வந்த புத்தி. இருந்தாலும், குடும்பம் இல்லாமல் நோயாளி தேறமாட்டார் என்று அன்றைக்கே ஒருத்தருக்குப் புரிந்திருந்தது. அது உடம்புக்காக ஏற்பட்ட அமைப்பு. மனசுக்கு இன்னும் கீழ்நாட்டிலிருந்து பாரத்தோடு நாம் போகிறோம். 'நாம்' என்பதைக் கவனியுங்கள். போகிற மிஸ்ஸிகளிலும் கவுன்சலர்களிலும் தமிழ்ப் பெண்களும் இருக்கிறார்கள். நான் படித்தவரை நம் மலேசியத் தமிழ்க் கதைகளில் ஓராங் அஸ்லி பாத்திரம் வந்தால் வழிகாட்டியாகவோ வேட்டைக்காரராகவோ வந்து மறைந்துவிடும். கிளினிக் பெஞ்சில் அந்த ஆளும் நம் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் கதையை இன்னும் நான் படிக்கவில்லை.

ரோஸ்மேனிடம் எனக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பாட்டு மரத்திடமிருந்தும் ஆற்றிடமிருந்தும் வருகிறது என்றால், மரம் போனபின்? பிற்காலக் கட்டுரைகளில் அவர் இதைத் தொட்டிருக்கிறார், ஆனால் 1991 நூலில் காடு பெரும்பாலும் முழுசாக நிற்கிறது. இன்றைக்கு கிரிக் பக்கம் அப்படி இல்லை. 2019இல் கம்போங் சுனெக்ஸ் தெமியார் மக்கள் மரம் வெட்டுவதைத் தடுக்கப் பாதையில் தடுப்புப் போட்டார்கள், வனத்துறை வந்து பிரித்தது. பாட்டு பாதை என்பது உவமையாக மட்டும் இருந்தால் பரவாயில்லை. அவர்கள் அப்படிச் சொல்லவில்லை.

சின்னம்மா மகள் இப்போதெல்லாம் பாரத்தைக் கடைசியில்தான் எடுக்கிறாளாம். முதலில் பெண்களோடு உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு உரிக்கிறாள். அந்தத் தூங்காத ஆள் மூன்றாவது மாதம் தானாகவே வந்து பேசினார். லோரி சத்தத்தைப் பற்றிச் சொன்னார், அப்பாவின் மண்மேட்டுக்குப் பக்கத்தில் சாலை வந்ததைப் பற்றிச் சொன்னார். பாரத்தின் அடியில் குறிப்புக்கு இரண்டு வரி இடம் இருக்கிறது. அதில் 'லோரி' என்று எழுதி வைத்திருக்கிறாள்.