ஆவியின் வரமும் மனித சித்தமும்: மொந்தானிய வழக்கு குறித்து ஒரு திறனாய்வு

பெந்தெகொஸ்தே இயக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுவதற்கு முன்னர் ஆவியின் வரங்கள் திருச்சபையில் விளங்கினவா என ஆராய்வோர், பெரும்பாலும் இரண்டாம் நூற்றாண்டின் மொந்தானியரை நாடிச் செல்கின்றனர். ஒரு சாரார் அவர்களிடம் தம் முன்னோரைக் காண்கின்றனர். மறு சாரார் வரங்களை நாடுவோருக்கு நேரிடும் கேட்டினைக் காண்கின்றனர். ஆவியானவர் பேசும்போது மனிதனுடைய சித்தம் என்னவாகிறது என்னும் வினாவையோ இரு சாராரும் எழுப்புவதில்லை. பண்டைய வழக்கின் மையமே இவ்வினாதான்.

இதற்குரிய முதன்மைச் சான்றுகளுள் ஒன்று யூசேபியஸ் எழுதிய திருச்சபை வரலாற்றின் ஐந்தாம் நூல். பிரிகியா நாட்டில் மொந்தானுவும், பிரிஸ்கில்லா, மக்சிமில்லா என்னும் பெண்மணிகளும் தன்னிலை மறந்து தீர்க்கதரிசனம் உரைத்தனர் என்ற குற்றச்சாட்டை அதில் வாசிக்கிறோம். குற்றஞ்சாட்டுவோர் அவர்களுடைய எதிரிகளே என்பதை மறக்கலாகாது. அதே நூலில், தம் காலத்துச் சபையிலே தீர்க்கதரிசனமும் அந்நியபாஷையும் விளங்கியதாக ஐரேனியு கூறும் சாட்சியும் எடுத்தாளப்பட்டுள்ளது. இந்த ஐரேனியுவே, மனிதர் இயல்பிலேயே தரம் பிரிக்கப்பட்டவர் என்ற நாஸ்டிக் போதனையை மறுத்து, மனிதனின் சுயாதீனத்தை வலியுறுத்தியவர். வரமும் சுயாதீனமும் அவருக்கு முரண்பட்டவையாகத் தோன்றவில்லை.

மனிதன் யாழைப் போன்றவன், ஆவியானவர் அதை மீட்டுகிறவர் என்னும் உவமையை மொந்தானு கூறியதாக எப்பிபானியு எழுதியுள்ளார். இதனைக் கொண்டே மொந்தானியர் மனித சித்தத்தை அழித்தனர் எனப் பலர் முடிவு செய்கின்றனர். இம்முடிவு அவசரமானது. கி.பி. 177ஆம் ஆண்டளவில் விசுவாசத்திற்காக வாதாடிய அத்தேனகோராவும், குழலையும் குழலூதுவோனையும் உவமையாக்கித் தீர்க்கதரிசிகளைப் பற்றிப் பேசினார். அவரைச் சபை கள்ளப்போதகர் என்று தள்ளவில்லை. மறுபுறம், மொந்தானியரை ஆதரித்த தெர்த்துல்லியன், ஆன்மாவைப் பற்றிய தம் நூலில் சுயாதீனம் ஆன்மாவிற்குரியது என வாதிடுகிறார். ஆராதனை வேளையில் தரிசனம் கண்ட ஒரு சகோதரியைப் பற்றியும் அதில் எழுதுகிறார். அவள் தன் தரிசனங்களை ஆராதனை முடிந்தபின் அறிவிப்பாள், அவை கவனமாக ஆராயப்படும் என்கிறார்.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் கொரிந்தியர் நிருபத்தை விளக்கிய கிறிசோஸ்தோம், குறிசொல்வோன் வலிந்து இழுக்கப்படுகிறான், தீர்க்கதரிசியோ தெளிந்த அறிவோடு பேசுகிறான் என வேறுபடுத்தினார். தீர்க்கதரிசியின் ஆவி அவனுக்கே அடங்கியிருக்கும் என்ற பவுலின் போதனைக்கு இது இசைவானது. ஆயினும் வெளித்தோற்றத்தை மட்டும் கொண்டு இவ்வேறுபாட்டை நாம் தீர்மானிக்க இயலாது. அமைதியாகப் பேசுவோனும் வஞ்சிக்கக்கூடும்.

ஆகவே, உரைத்த சொல்லுக்கு உரைத்தவர் பொறுப்பேற்று, அதனைச் சபையின் சோதனைக்கு உட்படுத்துகிறாரா என்பதே நிலைநிற்கும் அளவுகோல். "நானல்ல, ஆவியானவரே பேசினார்" என்று கூறி விசாரணைக்கு விலகுகிறவர், தம் சித்தத்தை ஆவியானவருக்கு ஒப்புக்கொடுத்தவர் அல்லர்; அதனை மறைத்துக்கொண்டவர். சோதித்துப் பாராமலே வரங்களை மறுக்கும் சபையும் தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறது. மொந்தானிய வழக்கு இவ்விருவரையும் இன்றும் விசாரித்துக்கொண்டிருக்கிறது.