சுயதொழில் செய்யும் காவலாளி என்று ஒருவர் உண்டா?

பிரிட்டனில் செக்யூரிட்டி சப்-கான்ட்ராக்ட் எடுக்கும் நிறுவனங்கள் சொல்லும் ஒரு வாதம் இது: எங்களிடம் வேலை செய்கிறவர்கள் ஊழியர்கள் இல்லை, சுயதொழில் செய்பவர்கள், அவங்க வரியை அவங்களே கட்டிக்குவாங்க. இந்த வாதம் நிற்காது என்பதுதான் என் கருத்து.

சூப்பர் மார்க்கெட் வாசலில் நிற்பவரைப் பாருங்க. சீருடை கொடுத்தது கம்பெனி. ஷிஃப்ட் போட்டது கம்பெனி. எங்கே நிற்கணும், எப்போ டீ குடிக்கப் போகலாம் என்று சொல்வது கடை மேனேஜர். மணிக்கு இவ்வளவு என்று கூலி. இதில் அவர் நடத்தும் தொழில் எது? அவரால் விலை பேச முடியாது, லாபமும் பார்க்க முடியாது.

ஒப்பந்தத்தில் 'தனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பலாம்' என்று ஒரு வரி இருக்கும். சொந்த உழைப்பைத் தருவதாக உடன்பாடு இருக்கிறதா, அடுத்தவர் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறாரா என்ற கேள்விகள் 1968-ன் ரெடி மிக்ஸ்ட் கான்கிரீட் தீர்ப்பிலிருந்தே முக்கியம். அந்த வரியைச் சேர்ப்பதும் அதற்காகத்தான். ஆனால் 2011-ல் ஆட்டோகிளென்ஸ் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் கார் துடைப்பவர்களின் ஒப்பந்தத்தில் இருந்த இதே மாதிரி வரியைப் பார்த்துவிட்டு, காகிதத்தில் இருப்பதை விட நடப்பதுதான் முக்கியம் என்று சொல்லிவிட்டது. காவலாளிக்கு இன்னும் ஒரு தடை: பதிலுக்கு வருபவரிடமும் எஸ்ஐஏ உரிமம் இருக்கணும். தம்பியை அனுப்பிவிட்டு வீட்டில் தூங்க முடியாது.

வரிச் சட்டம் இன்னும் கறார். 2014 ஏப்ரலில் திருத்தப்பட்ட ஏஜென்சி விதிப்படி, இடைத்தரகர் வழியாக வந்து நேரில் உழைப்பவர் யாருடைய கண்காணிப்பிலாவது வேலை செய்கிறார் என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துக்கு. அதுவரை சம்பளத்தில் வரியும் தேசியக் காப்பீடும் பிடித்தே ஆகணும்.

அப்புறம் ஏன் இந்த ஏற்பாடு? கணக்குப் போட்டால் தெரியும். 2025-26ல் 21 வயதுக்கு மேற்பட்டவருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்ட். வாரம் 40 மணி நேரம், வருஷத்தில் 5.6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, 5,000 பவுண்டுக்கு மேல் 15 சதவீதம் முதலாளி காப்பீடு, குறைந்தபட்சப் பென்ஷன் பங்கு. எல்லாம் சேர்ந்தால் அவர் நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் சுமார் 15.64 பவுண்ட். சீருடை, சூப்பர்வைசர், இன்சூரன்ஸ், லாபம் எதுவும் இதில் இல்லை. (சிறு நிறுவனங்களுக்குக் காப்பீட்டில் கிடைக்கும் சலுகை தனி. அதைத் திருடவே குட்டிக் கம்பெனிகளை வரிசையாகத் திறந்து மூடும் மோசடியும் உண்டு.) மணிக்கு 14 பவுண்டுக்கு ஆள் தர்றேன் என்று ஒருத்தர் வந்தால், மீதியை யார் கொடுக்கிறாங்க? விடுப்பையும் பென்ஷனையும் இழக்கும் காவலாளி, இல்லையென்றால் வரித்துறை.

இது போக, 20 சதவீத வாட்டை பில்லில் வாங்கிக்கொண்டு காணாமல் போகும் சப்-கான்ட்ராக்டர். மேலே இருக்கும் பெரிய கம்பெனிக்கும் இதில் ஆபத்து இருக்கிறது: மோசடி நடப்பது தெரிந்திருந்தாலோ, தெரிந்திருக்க வேண்டும் என்றாலோ, அது கட்டிய வாட்டைத் திரும்பக் கழிக்க விடமாட்டார்கள். 2006-ன் கிட்டல் தீர்ப்பிலிருந்து வந்த கொள்கை இது.

நியாயமான கொள்கைதான். ஆனால் திருட்டு நடந்த பிறகு வருகிற கொள்கை. கட்டுமானத் துறைக்கு சப்-கான்ட்ராக்டரிடம் 20 அல்லது 30 சதவீதம் பிடித்துக் கட்டும் முறை இருக்கிறது. 2021 மார்ச்சிலிருந்து வாட்டையும் வாங்குகிறவரே அரசிடம் கணக்குக் காட்டுகிறார். இந்தியா 2019 ஜனவரியிலேயே, கம்பெனியாகப் பதிவாகாதவர்கள் தரும் காவலாளி சேவைக்கு, ஜிஎஸ்டி பதிவுள்ள வாடிக்கையாளரே வரி கட்டும்படி செய்துவிட்டது. பிரிட்டனில் செக்யூரிட்டி துறைக்கு இப்படி எதுவும் இல்லை.

உரிமமும் அப்படித்தான். 2001 சட்டப்படி வாசலில் நிற்கும் ஆளுக்கு உரிமம் கட்டாயம். அவரை அனுப்பும் கம்பெனிக்குக் கட்டாயமில்லை, விரும்பினால் சேரும் ஒரு அங்கீகாரத் திட்டம் மட்டும். பின்னணிச் சோதனை எல்லாம் அந்த ஆளுக்கு. அவர் சம்பளத்தில் பிடிக்காத வரியைப் பற்றி அந்த உரிம அட்டை எதுவும் சொல்லாது.