படைக்கலமும் கலையே

சிலாங்கூர் மாநிலத்துக் கோல லங்காட் மாவட்டத்திலுள்ள தெலுக் பங்லிமா காராங் என்னும் ஊர்ப்பெயரைப் பிரித்துப் பொருள் கண்டால், 'சீற்றமிகு படைத்தலைவனின் விரிகுடா' என்றாகும். ஊர்ப்பெயரிலேயே மறம் ஒலிக்கிறது. ஆயினும் அத்தகைய தலைவர்கள் இடையிற் செருகிய கெரிஸ் என்னும் குறுவாளைக் கலைப்பொருளாகக் காணும் கண் தமிழரிடையே இன்னும் திறக்கவில்லை. கலை எனின் சிற்பம், ஓவியம், இசை, கூத்து என எண்ணிப் பழகிய நெஞ்சம், கொல்லனின் உலைக்களத்தை அவ்வரிசையில் வைப்பதில்லை.

கெரிஸ் அலகு உருவாகும் முறையை நோக்குக. இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கி, காய்ச்சி, அடித்து, மடித்து, மீண்டும் அடிக்கின்றனர். பின்னர் எலுமிச்சைச் சாற்றோடு பாடாணம் சேர்த்துக் கழுவ, ஓர் இரும்பு கருக்கிறது. மற்றொன்று வெண்மையாக மிளிர்கிறது. இவ்வாறு தோன்றும் வரிக்கோலமே 'பாமோர்'. இது மேலே பூசப்பட்ட வண்ணமன்று. பொருளின் உள்ளிருந்தே பிறந்த அழகு. நல்ல செய்யுளில் அணி பொருளோடு ஒன்றிப் பிறப்பதும் இவ்வாறன்றோ? அலகின் வளைவுகள் எப்போதும் ஒற்றைப்படை எண்ணிக்கையிலேயே அமைதல் யாப்பின் கட்டுப்பாட்டை ஒத்தது.

கொல்லும் கருவி கலையாகுமா என்னும் வினா புதியதன்று. புறநானூற்றின் 95ஆம் பாடலில் ஔவையார், மயிற்பீலி அணிந்து நெய் பூசப்பெற்று விளங்கும் தொண்டைமான் படைக்கலங்களையும், போரில் முரிந்து கொல்லன் களத்திற் கிடக்கும் அதியமான் படைக்கலங்களையும் எதிரெதிரே நிறுத்துகிறார். அவர் எள்ளியது அழகையன்று. பயனைத் துறந்த ஒப்பனையையே. பயனும் வனப்பும் ஒருங்கே அமைந்த கருவிக்கு அவ்வெள்ளல் பொருந்தாது.

பிற நாட்டார் இவ்வுண்மையை உணர்ந்துள்ளனர். 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய செருமானியக் கம்மியர் வேட்டைக்காக நீள்துப்பாக்கி செய்தனர். மேபிள் மரக் கட்டையிற் பித்தளைத் தகடுகளும் செதுக்கு வேலையும் அமைத்தனர். அவை இன்று அமெரிக்க அருங்காட்சியகங்களில் கலைப் படைப்புகளாகப் போற்றப்படுகின்றன. இந்தோனேசியக் கெரிசை 2005இல் யுனெஸ்கோ மானுட மரபுச் செல்வமாக அறிவித்தது. மலேசிய நாட்டுச் சின்னத்திலோ ஐந்து கெரிஸ்கள் இடம்பெற்றுள்ளன.

தமிழர் இழந்தது யாது? 1855இல் தஞ்சை அரசு கும்பினியார் வசமான பின்னர், அரண்மனைப் படைக்கொட்டிலின் கருவிகளிற் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய உலோகமாக விலைபோயிற்று. தெரிந்தெடுக்கப்பட்ட சிலவே சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்தன. யாளியும் மயிலும் கொடியும் பின்னிய கைப்பிடிகளையுடைய கட்டாரிகள் அவற்றுள் அடங்கும். சிலவற்றில் அலகு ஐரோப்பியருடையது. கைப்பிடியோ தமிழகக் கம்மியரின் கைவண்ணம். ஆயினும் அவற்றைச் செய்தவர் பெயர் எவர்க்கும் தெரியாது. கோயிற் சிற்பத்தைப் பாடும் புலவரும் இக்கைகளைப் பாடினாரில்லை. கலையென்று மதிக்கப்படாத பொருளை எடைபோட்டு விற்பது எளிது. தஞ்சையில் நேர்ந்தது அதுவே.

ஆதலின், மாணவரை அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லும் தமிழாசிரியர், கண்ணாடிப் பேழை முன் சற்றே நிற்றல் வேண்டும். எவர் ஏந்தினார் என்பதோடு, எவர் செய்தார் என்னும் வினாவையும் எழுப்புதல் வேண்டும். போர் ஓய்ந்தபின் கருவியில் எஞ்சுவது கொல்லனின் கைத்திறமே. அதனைக் காணக் கற்பித்தலும் இலக்கியக் கல்வியின் ஒரு கூறாகும்.